பல்கலைக்கழகத்தில் கத்தோலிக்க அறிவு மரபுக்கு என்ன வேலை?

பழைய மகாபலிபுரம் சாலையில் சிறுசேரி சிப்காட் வளாகத்துக்குள், மென்பொருள் நிறுவனங்களின் கண்ணாடிக் கட்டடங்களுக்கு இடையில், கணிதத்துக்கென்றே ஒரு கல்விக்கூடம் இயங்குகிறது. சென்னைக் கணிதவியல் நிறுவனம் என்று பெயர். 1989-ல் ஸ்பிக் நிறுவனத்தின் ஆதரவோடு நகருக்குள் சிறிய அளவில் தொடங்கியது. 2005-ல் சிறுசேரிக்கு வந்தது. 2006-ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. அதைத் தொடங்கியவர் சி.எஸ்.சேஷாத்ரி. 1932-ல் காஞ்சிபுரத்தில் பிறந்தவர். தந்தை செங்கல்பட்டில் வழக்கறிஞர்; மகன் பள்ளிப் படிப்பை முடித்ததும் செங்கல்பட்டில்தான். 1948-ல் சென்னை லயோலா கல்லூரியில் சேர்ந்து, 1953-ல் கணித ஆனர்ஸ் முடித்து, பம்பாயிலிருந்த டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் போனார். அதே ஆண்டு அதே நிறுவனத்துக்குப் போன இன்னொரு லயோலா மாணவர் எம்.எஸ்.நரசிம்மன். அவர் பழைய வட ஆர்க்காடு மாவட்டத்துத் தண்டரையைச் சேர்ந்தவர். இருவர் பெயரையும் தாங்கி 1965-ல் வெளிவந்த தேற்றம் உலகக் கணித ஆய்வில் இன்றும் அடிப்படையான ஒன்று. ஆங்கிலேயர் ஆட்சி முடிந்த கையோடு, உள்ளூர்ப் பள்ளிகளிலிருந்து வந்த இரண்டு இளைஞர்கள் நவீன கணிதத்தின் முன்வரிசைக்குப் போய்ச் சேர்ந்தார்கள் என்றால், நடுவில் யாரோ ஒரு கதவைத் திறந்திருக்க வேண்டும். அப்படித் திறந்தவர்களில் முக்கியமானவர் ஒரு கத்தோலிக்கத் துறவி.

பிரான்ஸில் 1897-ல் பிறந்த சார்ல் ரசீன் இயேசு சபைத் துறவி. பாரிஸில் எலீ கார்த்தான் என்ற பெரும் கணித மேதையின் கீழ் ஆய்வு செய்து 1934-ல் முனைவர் பட்டம் பெற்றார். 1937-ல் தமிழ்நாட்டுக்கு வந்தார். முதலில் திருச்சி புனித வளனார் கல்லூரி, பிறகு சென்னை லயோலா. அக்காலத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கணிதப் பாடத்திட்டம் கேம்பிரிட்ஜின் பழைய தேர்வு முறையைப் பின்பற்றியது. கடினமான கணக்குகளை வேகமாகப் போட்டு முடிப்பதே திறமை. கார்த்தானும் அவர் தலைமுறையினரும் பிரான்ஸில் உருவாக்கிக்கொண்டிருந்த புதிய கணிதத்துக்கும் இங்கே கற்பித்ததற்கும் வெகுதூரம். ரசீன் அந்தப் புதிய கணிதத்தைத் தம் மாணவர்களுக்குக் காட்டினார். கெட்டிக்கார மாணவன் என்றால் அரசு உத்தியோகத் தேர்வு எழுதுவதுதான் வழக்கம் என்றிருந்த காலத்தில், ஆராய்ச்சிக்குப் போ என்று வழிகாட்டினார். சேஷாத்ரி, நரசிம்மன், அவர்களுக்குப் பின் வந்து இளம் வயதிலேயே மறைந்த சி.பி.ராமானுஜம் எல்லோரும் அவரிடம் படித்தவர்கள். இதில் அவருக்கு மட்டுமே பெருமை சேர்ப்பது நியாயமாகாது. லயோலாவிலேயே இருந்த பேராசிரியர் எஸ்.நாராயணனையும் சேஷாத்ரி தம்மை உருவாக்கியவராக மதித்தார். டாடா நிறுவனம் இல்லாவிட்டால் இவர்கள் போய்ச் சேர இடமே இருந்திருக்காது. ஆனாலும் ரசீன் என்ற கண்ணியைக் கழற்றிவிட்டால் சங்கிலி அங்கே அறுந்துபோகும்.

அந்த மாணவர்களில் எவரையும் அவர் மதம் மாற்றவில்லை. சேஷாத்ரி கடைசிவரை கர்நாடக இசையில் தோய்ந்த வைணவக் குடும்பத்து மனிதராகவே வாழ்ந்தார். அப்படியானால், ‘கத்தோலிக்கம்’ என்ற அடைமொழிக்கு இந்தக் கதையில் என்ன வேலை? ஒரு நல்ல கணித ஆசிரியர் தற்செயலாகத் துறவியாகவும் இருந்தார் என்று முடித்துக்கொள்ளலாமே? இந்தக் கேள்வியைத்தான் விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது. ஏனென்றால், ‘கத்தோலிக்க அறிவு மரபு’ என்றதும் நம்மில் பலர் நினைப்பது கல்லூரி வளாகத்துச் சிற்றாலயத்தையும் மறைக்கல்வி வகுப்பையும்தான். என் வாதம் வேறு. பல்கலைக்கழக வாழ்வுக்கு அந்த மரபு தரக்கூடியது ஒரு வாழ்முறையையும் ஒரு வாத முறையையும். அவை இரண்டும் இன்றைய பல்கலைக்கழகத்தில், குறிப்பாகக் கட்டாங்கொளத்தூரிலிருந்து கேளம்பாக்கம் வரை கல்விக்கூடங்கள் நெருங்கி நிற்கும் நம் செங்கல்பட்டு மாவட்டத்தில், கிடைப்பதற்கு அரிதாகிக்கொண்டிருக்கின்றன.

வாத முறையிலிருந்து தொடங்கலாம். 13-ம் நூற்றாண்டில் பாரிஸ் பல்கலைக்கழகத்தில் கற்பித்த தாமஸ் அக்குவினாஸ் தம் பெருநூலில் ஒவ்வொரு கேள்வியையும் ஒரே ஒழுங்கில் கையாள்கிறார். தம் முடிவுக்கு எதிரான வாதங்களை முதலில் வைப்பார். அவற்றைப் பலவீனமாக்கி வைக்க மாட்டார். எதிராளியே வந்து சொன்னால் எப்படிச் சொல்வாரோ, அந்த வலுவோடு வைப்பார். அதன் பிறகு தம் விடை. பிறகு எதிர்வாதம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பதில். கடவுள் இருக்கிறாரா என்ற கேள்விக்கும் இதே ஒழுங்குதான். உலகில் தீமை இருக்கிறதே, பிறகு கடவுள் எப்படி என்பதுதான் அங்கே முதலில் வரும் வாதம். அரிஸ்டாட்டில் கிறிஸ்தவர் அல்லர், இப்னு சீனாவும் இப்னு ருஷ்தும் முஸ்லிம்கள், மைமோனிடஸ் யூதர். நால்வரையும் அவர் ஆசிரியர்களாக நடத்தினார். இது தமிழருக்குப் புதிய செய்தியும் அல்ல. ஏறக்குறைய அதே நூற்றாண்டில் அருணந்தி சிவாச்சாரியார் சிவஞான சித்தியாரைப் பரபக்கம், சுபக்கம் என்று இரண்டாகப் பகுத்தார். பிறர் கொள்கைகளை வரிசையாக எடுத்துவைத்து மறுத்த பிறகே தம் கொள்கைக்கு வந்தார். அதற்கும் முன்பே, மணிமேகலை வஞ்சியில் எல்லாச் சமயக் கணக்கர்களின் வாதங்களையும் கேட்டுவிட்டுத்தான் காஞ்சியில் அறவண அடிகளிடம் பௌத்த தர்க்கம் கற்கிறாள். ஆகவே, கத்தோலிக்க மரபு இந்த மண்ணுக்குக் கொண்டுவந்தது ஒரு அந்நியப் பழக்கத்தை அல்ல. இங்கே ஏற்கெனவே இருந்து மங்கிப்போன ஒரு பழக்கத்தின் உறவைத்தான். எதிர்க்கருத்தை அதன் முழு பலத்தோடு எடுத்துச் சொல்லத் தெரியாத ஒரு மாணவரை நாம் இன்று பட்டதாரி என்று அனுப்பிவைக்கிறோம். அப்படியொரு பயிற்சியே பெரும்பாலான பாடத்திட்டங்களில் இல்லை.

அடுத்தது வாழ்முறை. ஜான் ஹென்றி நியூமன் 1852-ல் டப்ளினில் ஆற்றிய உரைகளில், அறிவு தன்னளவிலேயே தேடத்தக்கது என்றும், பல்கலைக்கழகம் எல்லாத் துறைகளையும் ஒன்றோடொன்று பேச வைக்கும் இடம் என்றும் வாதிட்டார். அந்த நகரில் அவர் நடத்திய கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் பெரிய வெற்றி பெறவில்லை. அந்தத் தோல்வி நமக்கு ஒன்றைக் காட்டுகிறது: இந்த மரபு வளரத் தனிப் பல்கலைக்கழகம்தான் ஒரே வழி அல்ல. தமிழ்நாட்டில் கத்தோலிக்கர் தமக்கெனப் பல்கலைக்கழகம் நடத்தி இந்த மரபை வளர்க்கவில்லை. நாகப்பட்டினத்தில் 1844-ல் தொடங்கிப் பின்பு திருச்சிக்கு மாறிய புனித வளனார் கல்லூரியானாலும், 1923-ல் தொடங்கிய பாளையங்கோட்டை சவேரியார் கல்லூரியானாலும், 1925-ல் தொடங்கிய லயோலாவானாலும், அவை அரசுப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து, அதன் பாடத்திட்டத்தை நடத்தி, அதன் தேர்வை எழுதியவை. மாணவரில் பெரும்பாலோர் கிறிஸ்தவர் அல்லாதவர். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு மக்களில் கிறிஸ்தவர் 6.12 விழுக்காடுதான், அதில் கத்தோலிக்கர் ஒரு பகுதி. இந்தக் கட்டுப்பாடு நன்மையாகவே முடிந்தது என்பது என் கணிப்பு. பொது மேடையில், பிறர் வகுத்த விதிகளின்படி, பிற சமயத்தாரின் பிள்ளைகளுக்குக் கற்பிக்க வேண்டியிருந்ததால், அந்த மரபு தன்னிடம் எது எல்லோருக்கும் பொதுவோ அதை முன்னே வைக்கக் கற்றுக்கொண்டது.

இதற்குத் தனிநாயகம் அடிகளைவிடத் தெளிவான சான்று இல்லை. யாழ்ப்பாணத்துத் தீவகத்தில் 1913-ல் பிறந்து, ரோமாபுரியில் படித்துக் குருவானவர். வடக்கன்குளத்தில் பள்ளி ஆசிரியராக இருந்தபோதுதான் தமிழ் இலக்கியத்தை முறையாகக் கற்க வேண்டும் என்ற தாகம் அவருக்கு வந்தது. லத்தீனும் இத்தாலியமும் அறிந்த அந்தக் குரு, மாணவராக அண்ணாமலைப் பல்கலைக்கழகம் போனார். சங்கப் பாடல்களில் இயற்கை என்ற பொருளில் ஆய்வு செய்தார். 1952-ல் ‘தமிழ் கல்ச்சர்’ என்ற ஆங்கில இதழைத் தொடங்கினார். இலங்கைப் பல்கலைக்கழகத்திலும், பிறகு மலாயாப் பல்கலைக்கழகத்திலும் பணியாற்றினார். 1964-ல் டெல்லியில் கீழ்த்திசை அறிஞர் மாநாட்டுக்கு வந்தவர்களைக் கூட்டி, வ.அய்.சுப்பிரமணியம் போன்றோரோடு உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தை நிறுவினார். முதல் மாநாடு 1966-ல் கோலாலம்பூரில். இரண்டாவது 1968-ல் சென்னையில். ஐரோப்பிய நூலகங்களில் கிடந்த பழைய தமிழ் அச்சு நூல்களையும், அந்தாம் தெ ப்ரொயென்சாவின் 1679-ம் ஆண்டுத் தமிழ்-போர்த்துகீசிய அகராதியையும் ஆய்வுலகின் கவனத்துக்குக் கொண்டுவந்ததில் அவர் பங்கு பெரிது. ஒரு திருச்சபையின் உலகளாவிய வலைப்பின்னல் இல்லாமல் ஒரு தீவுக் கிராமத்துப் பையனுக்கு ரோமும் லிஸ்பனும் எட்டியிருக்காது. அதே சமயம், அரசர் அண்ணாமலைச் செட்டியார் நிறுவிய பல்கலைக்கழகம் ஒரு கத்தோலிக்கக் குருவை மாணவராக ஏற்காவிட்டால் அவர் தமிழறிஞராகியிருக்கவும் முடியாது. இரண்டும் சேர்ந்தபோதுதான் தமிழுக்கு ஒரு உலக மேடை வந்தது.

மாமல்லபுரத்திலேயே இன்னொரு சான்றும் உண்டு. பம்பாய் புனித சவேரியார் கல்லூரியில் பணிபுரிந்த ஹென்றி ஹெராஸ் அடிகள் ஸ்பெயின் நாட்டவர்; 1922-ல் இந்தியா வந்தபோது இந்திய வரலாறு அவர் கற்ற துறையே அல்ல. 1926-ல் அங்கே வரலாற்று ஆய்வு நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். 1933-ல் சென்னையிலிருந்து வெளிவந்த அவருடைய நூல் பல்லவர் வரலாறு பற்றியது. மாமல்லபுரம் ஆதிவராகக் குகையில் நிற்கும் அரச உருவங்கள் யாருடையவை என்ற விவாதத்திலும் அவர் பங்கெடுத்தார். ஒரு வைணவக் குடைவரையில் உள்ள சிற்பத்தை, அதன் கல்வெட்டை, அதன் காலத்தை ஒரு இயேசு சபைத் துறவி ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார் என்பதே கவனிக்கத்தக்கது. ஹெராஸ் தவறுகளும் செய்தார். சிந்துவெளி எழுத்துகளைத் திராவிட மொழியில் வாசித்துவிட்டதாக அவர் முன்வைத்த முழு வாசிப்பை ஆய்வுலகம் ஏற்கவில்லை. ஆனால், மீன் வடிவக் குறி விண்மீனைக் குறிக்கலாம் என்ற அவருடைய ஒரு யோசனை ஆய்வாளர் அஸ்கோ பர்போலா வரைக்கும் வந்து, இன்றும் விவாதத்தில் இருக்கிறது. பத்துச் செய்து ஒன்பது பொய்த்து ஒன்று நிலைப்பதற்கும் ஓர் ஆயுள் வேண்டும். அந்த ஆயுளைத் தரக்கூடிய அமைப்பு எது என்பதுதான் பல்கலைக்கழகம் கேட்க வேண்டிய கேள்வி.

இங்கேதான் ரசீனைப் பற்றி முதலில் எழுப்பிய கேள்விக்குப் பதில் இருக்கிறது. கணிதச் சமன்பாட்டில் கத்தோலிக்கம் கிடையாது, இருக்கவும் கூடாது. ஆனால், கார்த்தானின் மாணவர் ஒருவர் ஐரோப்பாவில் கிடைத்திருக்கக்கூடிய பதவியை விட்டுவிட்டு, சபை அனுப்பிய ஊருக்கு வந்து, ஏறத்தாழ முப்பதாண்டுகள் இளங்கலை மாணவர்களுக்குப் பாடம் எடுத்ததை விளக்கக் கணிதம் மட்டும் போதாது. படைப்பு அறியத்தக்கது, அதை அறிய முயல்வதே ஒரு வழிபாடு, எனவே ஆய்வுக்குச் சந்தை மதிப்பு தேவையில்லை என்ற நம்பிக்கை அவருக்குப் பின்னால் இருந்தது. சம்பளமும் பதவி உயர்வும் அவர் வாழ்வைத் தீர்மானிக்காதபடி ஒரு அமைப்பும் இருந்தது. திருச்சி புனித வளனார் கல்லூரியில் ராபினட் தாவரக் கூடத்தை உருவாக்கி, தமிழ்நாட்டுத் தாவரங்களைப் பற்றிப் பல தொகுதிகள் எழுதிய கே.எம்.மேத்யு அடிகள் இன்னொரு எடுத்துக்காட்டு. செடிகளைச் சேகரித்து, உலர்த்தி, பெயர் கண்டு, வரைந்து முடிக்கும் வேலை ஆண்டுதோறும் ஆய்வுக் கட்டுரை எண்ணிக்கை கேட்கும் தரமதிப்பீட்டுப் படிவத்துக்குள் அடங்காது.

இந்த மரபு அறிவை ஒடுக்கியதும் உண்டு என்று சொல்பவர்கள் உண்மையைத்தான் சொல்கிறார்கள். 1277-ல் பாரிஸ் ஆயர் 219 கருத்துகளைக் கண்டனம் செய்தார். அவற்றில் சில அக்குவினாஸின் கருத்துகளையே தொட்டன. 1633-ல் கலிலியோவைத் தண்டித்தார்கள். தடைசெய்யப்பட்ட நூல்களின் பட்டியல் 1966 வரை இருந்தது. நமக்கு அருகில், இலங்கையில், கொழும்பு அக்குவினாஸ் பல்கலைக்கழகக் கல்லூரியின் தலைவராக இருந்த திஸ்ஸ பாலசூரிய அடிகளை 1997-ல் ரோம் திருச்சபைக்குப் புறம்பாக்கியது; உலகெங்கும் எதிர்ப்பு எழுந்து, ஓராண்டில் அந்தத் தண்டனை நீங்கியது. இவற்றை மறைத்து இந்த மரபைப் புகழ்வது நேர்மையல்ல. ஆனால், இதே மரபின் உள்ளேயிருந்தே திருத்தமும் வந்திருக்கிறது. அக்குவினாஸைத் தொட்ட கண்டனங்களைப் பாரிஸ் மறைமாவட்டமே 1325-ல் விலக்கிக்கொண்டது. பிரபஞ்சம் விரிகிறது என்று 1927-ல் கணக்கிட்டுக் காட்டிய பெல்ஜியக் குரு ஜார்ஜ் லமேத்ர், தம் கொள்கையைப் படைப்புக்கு அறிவியல் நிரூபணமாகப் பயன்படுத்தும் போக்கு ரோமிலேயே தலைதூக்கியபோது அதை விரும்பவில்லை. இயற்பியல் இயற்பியலாக நிற்க வேண்டும் என்பதே அவர் நிலை. ஒடுக்கியவர்களும் ஒடுக்கப்பட்டவர்களும் ஒரே மரபைச் சேர்ந்தவர்கள். பல்கலைக்கழகத்துக்குள் நாம் அழைக்க வேண்டியது பாலசூரியரும் லமேத்ரும் நின்ற பக்கத்தை. பல்கலைக்கழகத்தின் தன்னாட்சி அந்தப் பக்கத்துக்குப் பாதுகாப்பாக இருக்கும்.

மதச்சார்பற்ற நாட்டில் பொதுப் பணம் பெறும் கல்வியில் ஒரு சமய மரபுக்கு ஏன் இடம் என்பது அடுத்த ஆட்சேபம். அரசியல் நிர்ணய சபையில் உறுப்பினராக இருந்த இயேசு சபைக் குரு ஜெரோம் டிசௌசா திருச்சியிலும் லயோலாவிலும் கல்லூரி முதல்வராக இருந்தவர். அந்தச் சபை இயற்றிய அரசியலமைப்பில், சிறுபான்மையினர் கல்வி நிறுவனங்களை நிறுவி நிர்வகிக்கும் உரிமை 30-வது பிரிவாக இடம்பெற்றது. அந்த உரிமை சீர்கெட்ட நிர்வாகத்துக்கு அனுமதி அல்ல என்று கேரளக் கல்வி மசோதா வழக்கில் 1958-லேயே உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. ஆனால், நான் பேசுவது நிர்வாக உரிமையைப் பற்றி அல்ல, பாடப் பொருளைப் பற்றி. சென்னைப் பல்கலைக்கழகம் இதற்கு நல்ல முன்மாதிரி. சைவ சித்தாந்தம், வைணவம், சமணவியல், இஸ்லாமிய ஆய்வு, கிறித்தவ ஆய்வு எல்லாம் அங்கே துறைகளாக இருக்கின்றன. கிறித்தவ ஆய்வுத் துறையின் தலைவராக இருந்த பெலிக்ஸ் வில்பிரட் உலக அளவில் மதிக்கப்பட்ட இறையியலாளர். ஒரு அரசுப் பல்கலைக்கழகத்தில் சமயம் வழிபாடாக நுழையாமல் ஆய்வுப் பொருளாக நுழைந்தால், அது கேள்விக்கு உட்படுகிறது, பிற மரபுகளோடு ஒப்பிடப்படுகிறது, சான்று காட்ட வேண்டிய கட்டாயத்துக்கு வருகிறது. சமயத்தைப் பல்கலைக்கழகத்துக்கு வெளியே தள்ளினால் அது மறைந்துபோகாது. கேள்வி கேட்பாரற்ற இடங்களில் போய் வளரும்.

இப்போது நம் மாவட்டத்தைப் பார்ப்போம். தாம்பரத்தில் சென்னை கிறித்துவக் கல்லூரி, வண்டலூரில் கிரசென்ட், கட்டாங்கொளத்தூரில் எஸ்.ஆர்.எம்., படூரில் இந்துஸ்தான், காலவாக்கத்தில் எஸ்.எஸ்.என்.னும் சிவ் நாடாரும், வண்டலூர்-கேளம்பாக்கம் சாலையில் வி.ஐ.டி.யும் மேலக்கோட்டையூரில் மத்திய அரசின் தகவல் தொழில்நுட்ப நிறுவனமும். இவ்வளவு உயர்கல்வி ஒரே மாவட்டத்தில் குவிந்திருப்பது பெரிய வளம். ஆனால், இவற்றில் பெரும்பாலானவை பொறியியலையும் மருத்துவத்தையும் மேலாண்மையையும் சுற்றியே வளர்ந்தவை. தத்துவம், வரலாறு, செவ்வியல் மொழிகள் என்றால் ஓரத்தில் ஒரு அறை கிடைத்தாலே அதிகம். கத்தோலிக்கக் கல்லூரிகள் இந்தப் போக்குக்கு விதிவிலக்கு என்று சொல்ல ஆசைதான், சொல்ல முடியவில்லை. சுயநிதிப் பிரிவுகள் பெருகிய கடந்த முப்பதாண்டுகளில் அவற்றின் விளம்பரங்களும் மற்றவர்களின் விளம்பரங்களைப் போலவே வேலைவாய்ப்பு எண்ணிக்கையைத்தான் முன்னால் வைக்கின்றன. துறவிகளின் எண்ணிக்கை குறைகிறது. இருக்கிற துறவிகளும் வகுப்பறையில் குறைவாகவும் நிர்வாக அறையில் அதிகமாகவும் காணப்படுகிறார்கள். கட்டணம் கட்டும் பெற்றோர் வேலையைத்தான் கேட்கிறார்கள் என்ற பதில் நியாயமானதுதான். கடன் வாங்கிப் படிக்க வைக்கும் குடும்பத்திடம் போய் அறிவு தன்னளவிலேயே உயர்ந்தது என்று உபதேசிக்க யாருக்கும் உரிமை இல்லை. ஆனால், சேஷாத்ரியின் நிறுவனத்தைக் கவனியுங்கள். 1998-ல் அது இளங்கலைப் படிப்பைத் தொடங்கியபோது சொந்தமாகப் பட்டம் வழங்கும் அதிகாரம் அதற்கு இல்லை. மத்தியப் பிரதேசத்தின் போஜ் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டுதான் பட்டம் தர முடிந்தது. ஆராய்ச்சியாளர்களே இளங்கலை மாணவருக்குக் கற்பிக்க வேண்டும் என்ற ஒரே பிடிவாதத்தில் நின்ற அந்தச் சிறிய கூடத்திலிருந்து வெளியே வருகிற மாணவர்கள் வேலையின்றித் தவிக்கவில்லை. உலகின் சிறந்த பல்கலைக்கழகங்களும் நிறுவனங்களும் அவர்களைத் தேடி எடுத்துக்கொள்கின்றன.

கத்தோலிக்கத் தரப்பிலும் வளங்கள் இல்லாமல் இல்லை. பழைய செங்கல்பட்டு மாவட்ட எல்லைக்குள் இருந்த பூந்தமல்லியில் 1936-லிருந்து திரு இருதயக் குருமடம் இருக்கிறது. திருவான்மியூரில், கிழக்குக் கடற்கரைச் சாலை தொடங்கும் பகுதியில், இயேசு சபையின் சத்திய நிலையம் தத்துவ ஆய்வு நிறுவனமாக இயங்குகிறது. 1808-லிருந்து கோவளத்தில் கார்மேல் மாதா கோயில் இருக்கிறது. 2002-ல் செங்கல்பட்டே தனி மறைமாவட்டமாகிவிட்டது. குருமாணவர் மட்டும் படிக்கும் தத்துவத்தையும் தர்க்கத்தையும் பொறியியல் மாணவருக்கும் மதிப்பெண் தரும் விருப்பப் பாடமாகத் திறந்துவிடுவது ஒன்றும் பெரிய காரியமல்ல. செயற்கை நுண்ணறிவு பற்றிப் பாடம் எடுக்கும் வளாகத்துக்குப் பத்து மைல் தூரத்தில், மனம் என்றால் என்ன, மனிதர் என்றால் யார் என்று எழுநூறு ஆண்டுகளாக விவாதிக்கும் ஒரு மரபின் நூலகம் தனியே கிடப்பது இரு தரப்புக்கும் நஷ்டம்.

ஆனால், இவை எல்லாவற்றையும்விடக் கனமான ஆட்சேபம் ஒன்று இருக்கிறது. இந்த மரபின் பலன் யாருக்குப் போய்ச் சேர்ந்தது? 1606-ல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி பிராமணத் துறவியின் கோலத்தில் சமஸ்கிருதமும் தமிழும் கற்றுப் பேரறிஞரானார். அந்த வழியில் சாதி ஒழுங்கையும் அவர் ஏற்றுக்கொண்டார். வடக்கன்குளம் தேவாலயத்துக்குள் சாதியின் பெயரால் நின்ற சுவர் 1910-ல்தான் இடிக்கப்பட்டது. லயோலாவின் ஆனர்ஸ் வகுப்புகளில் உட்கார்ந்தவர்களில் தலித் கிறிஸ்தவரின் பிள்ளைகள் எத்தனை பேர் இருந்திருக்க முடியும்? மறைமாவட்டத்தின் மக்களில் பெரும்பகுதி யாரோ, அவர்களே அந்த மரபின் கல்விக்கூடங்களில் நெடுங்காலம் கடைசி வரிசையில் இருந்தார்கள். பின்னாளில் கத்தோலிக்கக் கல்லூரிகள் முதல் தலைமுறை மாணவர்களுக்குக் கதவைத் திறந்தது உண்மை. என்றாலும் இந்த ஆட்சேபத்துக்கு முழுப் பதில் இன்னும் தரப்படவில்லை என்றே கருதுகிறேன்.

பதிலைத் தேட வேண்டிய இடம் செங்கல்பட்டுதான். 1891-ல் திருத்தந்தை 13-ம் லியோ தொழிலாளர் நிலை, நியாயமான கூலி, உடைமை உரிமை பற்றிய சுற்றுமடலை வெளியிட்டார். கத்தோலிக்கச் சமூகப் போதனை என்ற துறையே அதிலிருந்து தொடங்குகிறது. அதே 1891-ல், செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியராக இருந்த டிரெமென்ஹீர், இம்மாவட்டத்துப் பறையர் மக்களின் நிலமின்மையையும் அடிமைத்தனத்தையும் விவரித்து அரசுக்கு அறிக்கை எழுதினார். பஞ்சமி நில ஒதுக்கீடு அதன் விளைவு. நூறு ஆண்டு கழித்து, 1994-ல், மாமல்லபுரத்துக்கு அருகிலுள்ள காரணையில் அந்த நிலத்தை மீட்கும் போராட்டத்தின்போது போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் உயிரிழந்தார்கள். பழைய மகாபலிபுரம் சாலையின் இருபுறமும் நில விலை ஏறிய கதையும் பஞ்சமி நிலம் கைமாறிய கதையும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. உடைமை என்பது பொது நன்மைக்குக் கட்டுப்பட்டது என்று நூற்றாண்டுக்கு மேல் எழுதிவரும் ஒரு அறிவு மரபு, தன் வாதத்தைச் சோதித்துப் பார்க்க இதைவிடக் கடினமான களம் கிடைக்காது. லியோவின் சுற்றுமடலையும் டிரெமென்ஹீரின் அறிக்கையையும் வருவாய்த் துறையின் நிலப் பதிவேடுகளையும் ஒரே மேசையில் வைத்து வாசிக்கும் ஆய்வுக்கு மறைமாவட்டமும் கத்தோலிக்கக் கல்லூரிகளும் பணமும் ஆளும் தர வேண்டும். அந்த ஆய்வைச் செய்பவர்கள் அந்தக் கிராமங்களிலிருந்தே வரும் மாணவர்களாக இருக்க வேண்டும். ஐந்தாண்டோ பத்தாண்டோ, முடிக்கும்வரை அவர்களுக்கு உதவித்தொகை நிற்கக் கூடாது. ஆய்வின் முடிவு திருச்சபையின் சொத்துகளையே கேள்வி கேட்டாலும் அதை அப்படியே அச்சிடும் உரிமையும் அவர்களுக்கு எழுத்துமூலம் வேண்டும்.